உண்ண மறுக்கும் தாடி ஓணான்



வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டு, குத்துகிறதே, குடைகிறதே என்று வருந்துபவனைப் பற்றி நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. வேண்டாத தொல்லையைத் தானே தேடிக்கொள்பவனுக்குச் சொன்ன மொழி அது. இன்றோ, ஓணான் ஒன்றை விரும்பி வீட்டுக்குக் கொணர்ந்து, அதற்கெனக் கண்ணாடிப் பெட்டி செய்து, விளக்கு ஏற்றி, பெயரிட்டு அழைக்கும் இல்லங்கள் நம் பெருநகரங்களில் தோன்றியுள்ளன. அது நம் வேலி ஓணான் அன்று. கடல் கடந்து, ஆஸ்திரேலியக் கண்டத்தின் வறண்ட நிலத்தைப் பூர்விகமாகக் கொண்ட தாடி ஓணான். கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும், பிள்ளைகளின் விருப்பத்திற்கு இணங்கி இதனை வளர்ப்போர் இருக்கலாம். அவர்களை மார்கழி பிறந்ததும் ஒரு கவலை பற்றிக்கொள்ளும். நேற்றுவரை பாய்ந்து பாய்ந்து உண்ட பிராணி இன்று வாய் திறக்க மறுக்கிறது. அதன் காரணம் என்ன, நாம் செய்யத்தக்கது யாது, செய்யத் தகாதது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இப்பிராணியைச் சற்று அறிந்துகொள்வோம். நம் தோட்டத்து ஓணானும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தலை முதல் வால் நுனி வரை 40 முதல் 60 சென்டிமீட்டர் வரை வளரும். கழுத்தின் கீழ் முள் போன்ற செதில்கள் வரிசையாக உள்ளன. அச்சமோ சினமோ கொண்டால் அப்பகுதியை உப்பச் செய்து கருநிறமாக்கிக்கொள்ளும். அதுவே அதன் தாடி. இயல்பில் சாதுவானது, கையில் ஏறி அமரும், நன்கு பேணினால் சுமார் 10 ஆண்டுகள் வாழும். ஆஸ்திரேலியா தன் நாட்டு ஊர்வனவற்றை வாணிகத்தின் பொருட்டு உயிருடன் ஏற்றுமதி செய்வதைத் தடுத்துள்ளது. ஆதலின் உலகெங்கும் வீடுகளில் உள்ளவை, கூண்டில் பிறந்து பல தலைமுறை கண்டவற்றின் வழித்தோன்றல்களே.

சட்டத்தைப் பற்றியும் இங்கே ஒரு சொல். உடும்பு, நட்சத்திர ஆமை போன்ற நம் நாட்டு ஊர்வனவற்றைப் பிடித்து வீட்டில் வைத்தல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டுப் பிராணிகளை வளர்ப்பது குறித்தும் அண்மை ஆண்டுகளில் விதிகள் வந்துள்ளன. எந்தப் பிராணியையும் வாங்கும் முன் அதன் பிறப்பிடம், விற்பவரிடமுள்ள ஆவணம், வனத்துறையின் விதி ஆகிய மூன்றையும் விசாரித்தறிதல் வளர்ப்போர் கடமை.

இனி நம் பொருளுக்கு வருவோம். வீட்டில் ஓர் உயிர் உண்ணாவிட்டால் தமிழ்க் குடும்பத்தின் மனம் பொறாது. "ஒரு வாயாவது சாப்பிடட்டும்" என்பதே நம் அன்பின் முதற்சொல். ஆகவே, பிராணி உணவை மறுத்தவுடன் இல்லத்தார் அனைவரும் உணவைப் பற்றியே சிந்திக்கிறார்கள். ஒருவர் வேறு புழுவைத் தேடுகிறார். ஒருவர் பழத்தை நறுக்குகிறார். மற்றொருவர் பால் தந்து பார்க்கலாம் என்கிறார். இறுதியில் வாயை விரல்களால் பிளந்து ஊட்டவும் துணிகிறார்கள். இங்குதான் தீங்கு நேர்கிறது. தாடி ஓணான் உணவை மறுக்குமாயின் நாம் முதலில் நோக்க வேண்டியது அதன் வாயை அன்று. அதன் உடல் பெறும் வெப்பத்தை. இவ்வொன்றை நேயர்கள் மனத்திற் கொண்டால் இப்பேச்சின் பயன் நிறைவேறியதாகும்.

ஏன் அவ்வாறு? மனிதருடைய உடல் உண்ட உணவை எரித்துத் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பனிக்காலமாயினும் கோடையாயினும் நம் உடலின் சூடு ஏறத்தாழ 37 பாகையிலேயே நிற்கும். ஊர்வனவற்றுக்கு அந்த ஆற்றல் இல்லை. அவை வெயிலிலிருந்தும் சுடுகல்லிலிருந்தும் வெப்பத்தைக் கடன் வாங்கி வாழ்பவை. குடலில் உணவைக் கரைக்கும் சுரப்புநீர்கள் போதிய சூடு இருந்தால்தான் தொழில் செய்யும். உடல் குளிர்ந்திருக்கையில் உணவு வயிற்றில் சென்றால் அது செரிப்பதில்லை. அங்கேயே தங்கிக் கெடுகிறது. இதனை அப்பிராணியின் உடல் அறியும். எனவே அது பசியை அடக்கிக்கொள்கிறது. அது பிடிவாதம் அன்று; தற்காப்பு. அந்நிலையில் வலிந்து ஊட்டுவோர், அடுப்பில் நெருப்பின்றி உலையில் அரிசியை இடுபவரை ஒப்பர்.

கொல்கத்தாவின் தட்பவெப்பத்தை இதனோடு பொருத்திப் பாருங்கள். ஜனவரி மாதத்தில் இந்நகரின் இரவு வெப்பம் சராசரியாக 14 பாகை அளவுக்கு இறங்குகிறது. சில இரவுகளில் அதற்கும் கீழே செல்கிறது. பகல் நேரமும் குறுகிவிடுகிறது. ஆனி மாதத்தில் 13 மணி நேரத்திற்கு மேல் நீளும் பகல், மார்கழியில் 10 மணி 45 நிமிட அளவாகச் சுருங்குகிறது. சென்னையிலிருந்து வந்த நமக்கே முதற்பனிக்காலம் புதுமையாக இருக்கும். வங்காள நண்பர்கள் ஐப்பசி முடியுமுன்பே காதை மூடும் கம்பளித் தொப்பியை எடுத்துவிடுவதைக் கண்டு நாம் நகைத்திருப்போம். ஆனால் காதை மூடிக்கொள்ள இயலாத ஒரு சிற்றுயிர், ஜன்னலோரத்துக் கண்ணாடிப் பெட்டியில் இரவைக் கழிக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கூடத்தில் நமக்கு இதமாக உள்ள குளிர் அதற்கு இதம் அன்று.

ஆதலின் முதல் வேலை, ஒரு வெப்பமானியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து அளப்பது. கையால் தொட்டுப் பார்த்து, சூடு போதும் என்று சொல்லுதல் அளவாகாது. பெட்டியின் ஒரு முனையில், விளக்கின் நேர் கீழே, பிராணி ஏறி அமரும் கல்லின்மேல் ஏறத்தாழ 40 பாகை வெப்பம் இருத்தல் வேண்டும். எதிர் முனையில் 25 பாகை அளவு போதும். இரவில் 18 பாகைக்குக் கீழே இறங்காமை நன்று. இரு முனைகளும் வேறுபட்டிருப்பது இன்றியமையாதது; வேண்டும்போது சூட்டை நாடவும், மிகும்போது விலகவும் அதற்கு இடம் வேண்டும். விளக்கைப் பிராணி தொட இயலாதவாறு கம்பி வலைக்கு அப்பால் பொருத்துக. சுடும் கல் என்று விற்கப்படும் மின்சாதனங்களை நம்பி வயிற்றைச் சுட்டுக்கொண்ட பிராணிகள் உண்டு. வெப்பம் மேலிருந்து வருவதே அதன் இயல்புக்கு ஏற்றது.

வெப்பத்திற்கு அடுத்தது ஒளி. சூரிய ஒளியில் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்கள் உள்ளன. அவற்றுள் ஒரு வகை தோலில் பட்டால்தான் இப்பிராணியின் உடலில் டி வைட்டமின் உண்டாகும். அவ்வைட்டமின் இருந்தால்தான் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பிற் சேரும். இது குறைந்தால் எலும்பு மெலியும், தாடை இளகும், கால்கள் நடுங்கும். மெல்லும் வலிமையின்றி உண்பதையே பிராணி நிறுத்திவிடும். ஜன்னற் கண்ணாடியின் வழியே வரும் வெயிலில் ஒளியும் சூடும் உண்டு. இக்கதிரோ பெரும்பாலும் கண்ணாடியிலேயே தடுக்கப்பட்டுவிடுகிறது. ஆகவே இதற்கெனச் செய்யப்பட்ட விளக்கு வேண்டும். அவ்விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும், காலம் செல்லச் செல்லக் கதிரின் வலிமை குன்றும். செய்தவர் குறித்துள்ளபடி, பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒரு முறை மாற்றுதல் முறை.

வங்காளத்தில் பனிக்காலத்துப் பகலில் மொட்டைமாடியில் அமர்ந்து, கமலா ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்றபடி வெயில் காய்வது ஒரு பழக்கம். 'ரோத் போஹானோ' என்று அதனைச் சொல்வர். நம் தாடி ஓணானுக்கும் அவ்வின்பத்தில் பங்கு தரலாம். காற்று வீசாத நண்பகலில் அரை மணி நேரம் நேர் வெயில் அதற்கு நல்ல மருந்து. ஆனால் கண்ணாடிப் பெட்டியோடு வெயிலில் வைத்தல் ஆகாது; சிறிது நேரத்தில் அது கொதிகலம் ஆகிவிடும். கம்பிக் கூண்டில் வைத்து, ஒரு பக்கம் நிழல் செய்து, காகமும் பருந்தும் அணுகாதவாறு அருகிலேயே ஒருவர் இருத்தல் வேண்டும்.

வெப்பமும் ஒளியும் சரியாகவே உள்ளன. ஆயினும் பிராணி உண்ணவில்லை. அப்போது நினைக்கத்தக்கது குளிர்காலச் சோம்பல். ஓராண்டு கடந்த தாடி ஓணான் ஆண்டில் ஒரு பருவத்தில் உணவைக் குறைத்து, குளிர்ந்த மூலையை நாடி, சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதங்கள் வரை உறங்கியும் விழித்தும் கழிப்பது உண்டு. இது நோயன்று, முன்னோர் நிலத்தின் பருவச் சுழற்சி உடலில் விட்டுச்சென்ற பழக்கம். இவ்வுறக்கத்தை நோயினின்று பிரித்தறிவது எவ்வாறு? அதற்குக் கருவி தராசு. சமையலறையில் மாவு நிறுக்கும் சிறு தராசே போதும். உறங்கும் பிராணியின் எடை மிகச் சிறிதே குறையும். நோயுற்ற பிராணியின் எடை வாரந்தோறும் இறங்கும். 400 கிராம் இருந்தது 360 கிராம் ஆயிற்று, அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தது எனின், அதனை உறக்கம் என்று சொல்லி வாளாவிருத்தல் தகாது. ஓராண்டு நிரம்பாத குட்டி உண்ணாமல் உறங்கினால் அதனைக் குளிர் உறக்கம் என்று கொள்ளவே கூடாது. வளரும் குட்டி இரண்டு மூன்று நாள் உண்ணாதிருப்பதே கவலைக்குரியது.

இவையன்றி வேறு காரணங்களும் உண்டு. புதிய வீட்டுக்கு வந்த பிராணி சில நாட்கள் உணவை நாடாது. தோல் உரிக்கும் காலத்திலும் பசி குன்றும். கண்ணாடியில் தன் உருவையே கண்டு பகையென்று அஞ்சுவதும், அருகில் பூனையோ நாயோ உலவுவதும், காளி பூஜை இரவின் வெடியோசையும் அதனை மருட்டும். பெண் பிராணி, ஆண் துணை இன்றியும் முட்டை தாங்குவது உண்டு. அக்காலத்தில் உணவை மறுத்து மண்ணைப் பறித்துக்கொண்டேயிருக்கும். முட்டையிட ஈர மணல் நிறைந்த பெட்டி தராவிடில் முட்டை உள்ளே சிக்கி உயிருக்கு ஆபத்து விளையும். குடலில் புழுவும் நுண்ணுயிரும் பெருகினாலும் பசி கெடும். பெரிய பூச்சியை விழுங்கி மலம் தடைப்பட்டாலும் அவ்வாறே. எனவே ஒவ்வொரு காரணத்தையும் பொறுமையாக நீக்கிப் பார்த்தல் வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் விரைய வேண்டும்? கண் குழி விழுதல், தலையின் மேற்புறம் ஒட்டிப்போதல், வாயில் சளியோ சீழோ தோன்றுதல், வாயைத் திறந்தபடி இழுத்து மூச்சு விடுதல், தாடி எந்நேரமும் கறுத்தே இருத்தல், பின்னங்கால் இழுபடுதல், தாடை மென்மையாதல், பல நாள் மலம் கழியாமை, தண்ணீர் போன்ற கழிச்சல். இவற்றுள் ஒன்று காணினும் நாள் கடத்தலாகாது. எல்லாக் கால்நடை மருத்துவரும் ஊர்வனவற்றில் பழகியவர் அல்லர்; ஆகவே, பிராணி நலமாக இருக்கும்போதே அத்தகைய ஒருவரை விசாரித்து வைத்திருத்தல் அறிவுடைமை. கொல்கத்தாவின் பெல்காச்சியாவில் 1893ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்வி நடந்துவருகிறது. இன்று அங்கே அதற்கெனப் பல்கலைக்கழகமே உள்ளது. விசாரிப்பவர்க்கு அது ஒரு தொடக்கம். செல்லும்போது புதிதாகக் கழித்த மலத்தைச் சிறு குப்பியில் எடுத்துச் செல்க. பாதி விடை அதில் இருக்கும். மனிதர்க்குரிய மருந்து எதனையும் மருத்துவர் சொல்லாமல் தருதல் கூடாது. வாயில் குழாய் வைத்து ஊட்டுவதும் அவர் கண்டு பணித்த பின்னரே.

உணவைப் பற்றி இப்போது சொல்லலாம். குட்டிக்குப் பூச்சி மிகுதியாகவும் கீரை குறைவாகவும் வேண்டும்; வளர்ந்ததற்கு இது தலைகீழ். பூச்சி, பிராணியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருத்தல் ஆகாது. அதன்மேல் சுண்ணாம்புச் சத்துத் தூளைத் தூவித் தருக. வீட்டில் ஓடும் கரப்பானைப் பிடித்துத் தரலாமே என்று எண்ணாதீர்கள். கொசுவுக்கும் கரப்பானுக்கும் அடித்த மருந்து அதன் உடலில் இருக்கும். மின்மினிப் பூச்சி கொடிய நஞ்சு. ஒன்றே உயிரைப் போக்கிவிடக் கூடும். இலைவகையில் நமக்குக் கவலையில்லை. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்கும் அன்பர்கள் அங்கேயே ஒரு பிடி முருங்கைக்கீரையும் வாங்கிக்கொள்ளலாம். துருவிய பரங்கிக்காய் நல்லது. வங்காளத்தார் காளிக்குச் சாத்தும் செம்பருத்திப் பூவைப் பல பிராணிகள் விரும்பித் தின்னும். ஆயின் பூச்சிமருந்து படாத செடியிலிருந்து பறித்தல் வேண்டும். பாலக்கீரையை நாள்தோறும் தருதல் வேண்டா. அதிலுள்ள ஒரு அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடும். பால், தயிர்ச்சோறு, உப்பும் எண்ணெயும் சேர்ந்த பண்டம் எதுவும் அதன் குடலுக்கு ஏற்றதன்று. பசி குன்றிய பிராணியை மார்பளவு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் நிறுத்துவது நலம் தரும். பின்னர் ஈரம் போகத் துடைத்து, வெப்பத்தில் விட வேண்டும். தொட்ட பிறகு சிறுவர் முதல் பெரியவர் வரை சோப்பிட்டுக் கை கழுவுக. ஊர்வனவற்றின் உடலில் குடல்நோய்க் கிருமிகள் இருக்கக்கூடும்.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆனி, ஆடி மாதங்களில் கொல்கத்தாவில் குளிர் இல்லை. ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வறண்ட நிலத்து உயிருக்கு அது மூச்சுநோய் தரும். பெட்டியில் காற்று உலவ வழி இருத்தல் வேண்டும். விரிப்பு ஈரமாக இருத்தல் ஆகாது.

இவ்வளவையும் நினைவில் வைப்பது அரிது. ஆகவே ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாள், பெட்டியின் இரு முனை வெப்பம், உண்டது, கழித்தது, வாரம் ஒரு முறை எடை, இவ்வளவே போதும். இப்பழக்கத்திற்குக் கொல்கத்தாவிலேயே பெருமைமிக்க முன்னோடி ஒருவர் உண்டு. 1876ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அலிப்பூர் விலங்குக் காட்சிச்சாலையின் கண்காணிப்பாளராக விளங்கிய ராம பிரம்ம சன்யால் அவர்கள், வங்காளத்தின் தட்பவெப்பத்தில் விலங்குகளையும் பறவைகளையும் கூண்டில் வைத்துப் பேணும் முறை குறித்து 1892ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு கைந்நூல் வெளியிட்டார். மேனாட்டு நூல் சொல்வதை அப்படியே பின்பற்றாமல், இம்மண்ணின் வெயிலிலும் மழையிலும் எந்த உயிர் எவ்வாறு உண்டது, எவ்வாறு நோயுற்றது என்று தாமே கண்டு எழுதியது அதன் சிறப்பு. அக்கைந்நூல் ஓணானைப் பற்றியதன்று. ஆனால் ஓணானை வளர்ப்பவர்க்கும் அவர் காட்டிய வழியே வழி.

அதே காட்சிச்சாலையில் 'அத்வைதா' என்ற பேராமை நெடுங்காலம் வாழ்ந்து 2006 மார்ச் மாதம் மறைந்தது. அதன் வயது 250ஐ எட்டியதென்று சொல்வோர் உண்டு. ஓட்டில் வெடிப்பு ஏற்பட்டுப் புண்ணாகியிருந்தது பின்னர் பெருகி அதன் முடிவுக்கு வழிவகுத்தது. ஊர்வன தம் துன்பத்தை ஓலமிட்டுச் சொல்வதில்லை. அவை மெல்ல நோயுறும், மெல்லத் தேறும். அவற்றின் மொழி மிகச் சில சொற்களே கொண்டது. உணவை மறுத்தல் அச்சொற்களுள் ஒன்று. அதனைக் கேட்டு, பொருளறிந்து, பதற்றமின்றிச் செயற்படுவதே வளர்ப்போர் பண்பு.

அன்பர்களே, நாம் பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். வரும்போது அம்மியும் அரிவாள்மனையும் கொணர்ந்தோம். புளியும் மிளகாயும் தருவித்தோம். எங்கு சென்றாலும் நம் சமையலறையை நம்மோடு எடுத்துச் சென்றோம். அதனால்தான் அயல்நாடும் நமக்கு உண்ணத்தக்கதாயிற்று. தாடி ஓணான் தன் விருப்பத்தால் இங்கு வந்ததன்று. தன்னோடு எதையும் கொண்டுவர அதற்கு இயலவில்லை. அதன் முன்னோர் விட்டுப் பிரிந்தது ஒரு வெயிலை. அந்த வெயிலை ஒரு விளக்காலும், ஒரு வெப்பமானியாலும், நம் பொறுமையாலும் மீட்டுத் தருவது நம் கடமை. அதனைத் தந்துவிட்டால் பெரும்பாலும் பசி தானே திரும்பி வரும். தர இயலாதெனின், பிள்ளை எவ்வளவு அழுதாலும் அவ்வுயிரை வாங்காதிருப்பதே அன்பு.